எதிர் வீட்டுச் சோதனைக்கு நான் சாட்சி

எதிர் வீட்டு மேரி அக்காவின் மகன் திருட்டு மொபைல் வைத்திருக்கிறான் என்று இன்று காலை போலீஸ் சோதனைக்கு வந்தது. சாட்சிக்கு என்னைக் கூப்பிட்டார்கள்.

"வெளியவே நில்லுங்க மேடம், கடைசியில ஒரு சைன் போதும்" என்றார் காவலர், இந்தியில். நாங்கள் இருப்பது வட இந்தியாவில்.

"பார்க்காம எப்படிப் போடறது? நானும் உள்ள வர்றேன். முதல்ல உங்க பாக்கெட்டைக் காட்டுங்க."

வெளியிலிருந்து மொபைல் எதுவும் உள்ளே போய்விடக் கூடாதே.

முறைத்துக்கொண்டே காட்டினார். சாவியும் புகையிலைப் பொட்டலமும் இருந்தன. பிறகு அரிசி டிரம் வரை துழாவினார்கள். எதுவும் கிடைக்கவில்லை. அதை அப்படியே எழுதச் சொல்லிக் கையெழுத்திட்டேன்.

அவர்கள் போனதும் அக்கா டீ கொடுத்தார்.

"எத்தன வருசமா எதிர்த்தாப்புல இருக்கிய. போலீஸ் கூப்பிட்டாத்தான் வீட்டுக்குள்ள வருவியளோ?"

டீ நன்றாக இருந்தது.

உங்கள் எதிர் வீட்டில் டீ எப்படி?