எண் மாறாத வீடு

மச்சாள் சுவீடனில் குடியிருந்த வீட்டின் கதவருகே ஒரு தகரப் பலகை இருந்தது. மேலே ஒரு படைப்பிரிவின் பெயர், அதன் கீழே கொம்பனியின் பெயர், கடைசியில் ஓர் எண். திருமணமான புதிதில் கணவரோடு அங்கே போனபோது, அது தபால்காரருக்கான இலக்கம் என்றுதான் நினைத்தேன். மச்சாள் சிரித்தார். "அது வீட்டு நம்பர் இல்லை. முந்தி இதில இருந்த ஆமிக்காரன்ர நம்பர்," என்றார். அவர் என் கணவரின் மூத்த அக்கா.

அந்த ஊர் முதியோர் இல்லத்தில் வேலை செய்த காலத்தில், அங்கிருந்தவர்களிடம் கேட்டுக் கேட்டு, அந்த நாட்டின் பழைய படை எப்படிக் கட்டப்பட்டது என்று அவர் அறிந்து வைத்திருந்தார். இரண்டு மூன்று பண்ணைகள் சேர்ந்து அரசனுக்கு ஒரு சிப்பாயைக் கொடுக்க வேண்டும். அவன் இருக்க ஒரு சிறிய வீடும், பயிரிட ஒரு துண்டு நிலமும் அவர்களே கொடுக்க வேண்டும். அப்படி அக்கம்பக்கத்துச் சிப்பாய்கள் நூற்றைம்பது பேரளவில் சேர்ந்தால் ஒரு கொம்பனி. எட்டுக் கொம்பனி சேர்ந்தால் அந்த மாகாணத்தின் ரெஜிமென்ட். ஒரே பெயரில் பலர் இருந்தால் குழப்பம் என்பதால், சேருகிறவனுக்கு 'வாள்', 'துணிவு' என்பதுபோலச் சுருக்கமாக ஒரு புதுப்பெயரும் வைப்பார்களாம். அவன் செத்தால் அதே எண்ணுக்கு, அதே வீட்டுக்கு, அடுத்தவன் வருவான்.

மச்சாளுக்கு அந்த ஒழுங்கில் ஒரு மயக்கம் இருந்தது. அங்கே நடந்த தமிழர் ஒன்றுகூடலில் மேடையேறி அதைப் பற்றிப் பேசினார். "குளிருக்குள்ள கிடந்த ஏழைச் சனம். வீட்டுக்கு வீடு பங்கு குடுத்துத்தான் நிமிர்ந்தது. எங்களுக்கும் அந்த மனம் வேணும்," என்று முடித்தபோது கைதட்டல் ஓய வெகு நேரமானது. சில ஆண்டுகளில், வீட்டுக்கு ஒருவர் போராட வர வேண்டும் என்ற இயக்கத்தின் கட்டளை வன்னியில் அவருடைய அண்ணன் வீட்டுக்கும் வந்தது. படிப்பு முடியாத மூத்த மகன் போனான். அண்ணன் தொலைபேசியில் அழவில்லை. "எங்கட வீட்டுப் பங்கும் குடுத்தாச்சு, தங்கச்சி," என்று மட்டும் சொன்னார். பங்கு என்ற சொல்லைக் கேட்டதும் மச்சாள் ரிசீவரை, அப்போது அங்கே போயிருந்த என் கணவரிடம் நீட்டிவிட்டாராம்.

பிறகு மச்சாள் குடும்பத்தினர் மகளின் படிப்புக்காக லண்டனுக்கு வந்து, நோர்பரியில் எங்களுக்கு அடுத்த தெருவில் வீடெடுத்தார்கள். 2009 பிறந்தபோது வன்னியிலிருந்து அழைப்புகள் குறைந்தன, பிறகு நின்றன. மச்சாள் சமையலறையிலும் தொலைக்காட்சியை ஓடவிட்டுக்கொண்டு, சோறு பொங்கி வழிவதைக்கூடக் கவனிக்காமல் நின்றார். அந்த நாட்களில்தான் பக்கத்திலுள்ள சட்டனில் ஒரு கூட்டம் ஏற்பாடானது. சுவீடனில் அவர் மேடையில் பேசியதைக் கேட்டிருந்த ஒருவர், அந்தப் பேச்சையே மறுபடி பேசச் சொல்லிக் கேட்டார். மச்சாள் மறுப்பார் என்று நினைத்தேன். "ஓம், வாறன்," என்றார்.

நான்தான் காரில் கூட்டிப் போனேன். மேடையில் பண்ணைகளையும் கொம்பனியையும் பற்றி முன்போலவே சொன்னார். சனம் தலையசைத்துக் கேட்டது. பிறகு நிறுத்தி, கொஞ்சம் தண்ணீர் குடித்தார்.

"மிச்சத்தை நான் அண்டைக்குச் சொல்லேல்லை. பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர் எல்லாம் ஒரே கொம்பனியிலதான் நிண்டவை. ஒரு சண்டையில அந்தக் கொம்பனி அழிஞ்சா, ஊரில ஆம்பிளையே மிஞ்சாது. செத்தவன்ர பெண்சாதி பிள்ளையள் வீட்டை விட்டு எழும்ப வேணும். அடுத்த ஆமிக்காரனுக்கு அந்த வீடு வேணுமெல்லோ. நம்பர் மட்டும் அப்பிடியே இருக்கும். நான் அந்த வீட்டில குடியிருந்துகொண்டுதான் கைதட்டு வாங்கினனான்."

முன்வரிசையில் ஒருவர் எழுந்தார். "அக்கா, இப்ப இதைச் சொல்லுற நேரமோ? அங்க பிள்ளையள் செத்துக்கொண்டிருக்கு!"

"அதாலதான் சொல்லுறன், தம்பி."

மண்டபம் இரைந்தது. சிலர் கதிரையைத் தள்ளிவிட்டு வெளியே போனார்கள். அந்த இரைச்சலுக்குள் பின்னாலிருந்து ஒரு பெண் எழுந்து நின்றார். மன்னார்ப் பக்கம், கழுத்தில் செபமாலை. "செத்தவன்ர மனுசி பிள்ளையளோட எங்க போனவா?" என்று கேட்டார்.

மச்சாள் அவர் பக்கம் திரும்பினார். "தெரியாது. நான் அதை ஒருத்தரிட்டையும் கேக்கேல்லை."

இறங்கி வந்து அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்தப் பெண்ணின் மகனையும் இயக்கத்துக்குக் கொண்டுபோயிருந்தார்கள். "அங்க அவனுக்கு வேற பேராம். ஆராவது அந்தப் பேரில செய்தி சொன்னா, எனக்கு எப்பிடி விளங்கும்?" என்றார்.

"நீங்கள் வைச்ச பேர் என்ன?"

"யூட்."

மச்சாள் தன் அண்ணன் மகனின் பெயரைச் சொன்னார். அண்ணன் பேசிய அந்த நாளுக்குப் பிறகு, அந்தப் பெயரை அவர் வாயால் அன்றைக்குத்தான் கேட்டேன்.

அண்ணனும் அண்ணியும் இளையவனும் ஒரு முகாமில் இருப்பதாகப் போர் முடிந்த பின்னர் தெரியவந்தது. மூத்தவனைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. யூட்டைப் பற்றியும் இல்லை. மச்சாள் சைவம். ஆனாலும் யூட்டின் தாய் பூசையில் மன்றாட மகனின் பெயர் கொடுக்கும் ஞாயிறுகளில் அவரோடு தேவாலயத்துக்குப் போய்க் கடைசி வரிசை வாங்கில் இருப்பார். முதல் தடவை நானும் கூடப் போயிருந்தேன். உயிரோடு இருப்பவர்களுக்கான மன்றாட்டில் சேர்ப்பதா, இறந்தவர்களுக்கான மன்றாட்டில் சேர்ப்பதா என்று குருவானவர் மெல்லக் கேட்டார். அந்தத் தாய் மச்சாளைத் திரும்பிப் பார்த்தார். மச்சாள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

"உயிரோட இருக்கிறவைக்கு, சுவாமி," என்றார் அந்தத் தாய். "ரெண்டு பேருக்கும்."