காலாவதியான டேப்

எனக்குப் பொறுமை கிடையாது. என்னோடு வேலை செய்பவர்கள் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள், கேட்காவிட்டாலும் சொல்வார்கள். அப்படிப்பட்ட ஒருத்தியிடம் பேக்கப் வேலையைக் கொடுத்தது யார் செய்த புண்ணியமோ தெரியவில்லை. எதுவும் கெட்டுப்போகாத வரை நாம் ஒருத்தி இருப்பதே யாருக்கும் தெரியாது. கெட்டுப்போன அன்றைக்கு ஆபீஸே நம் மேஜையைச் சுற்றி நிற்கும்.

எங்கள் அலுவலகம் அம்பத்தூர் எஸ்டேட்டில், ஒரு பிளாஸ்டிக் பட்டறைக்கு மேலே, மூன்றாவது மாடியில் இருக்கிறது. ஆவடி, பூந்தமல்லி, திருவேற்காடு பக்கத்து ஸ்கேன் சென்டர்கள் சிலவற்றின் படங்கள் எங்களிடம்தான் வந்து சேரும். முதலில் சர்வரில் தங்கும், பிறகு பழைய பாட்டுக் கேசட் மாதிரி இருக்கும் டேப்பில் ஏறும், டேப் பீரோவுக்குள் போகும். யாருடைய படம் எந்த டேப்பில் எந்த இடத்தில் இருக்கிறது என்று ஒரு பட்டியல் இருக்கும். அதற்குப் பெயர் கேட்டலாக். சமையலறையில் இருபது டப்பா ஒரே மாதிரி இருந்தாலும் திறந்து பார்த்து உளுந்து எது, துவரம்பருப்பு எது என்று கண்டுபிடித்துவிடலாம். டேப்பை அப்படிப் பார்க்க ஒவ்வொன்றுக்கும் அரை நாள் ஆகும். எங்களிடம் இருந்தவை முந்நூற்றுச் சொச்சம். கேட்டலாக் போய்விட்டால் அத்தனையும் வெறும் பிளாஸ்டிக்தான். கீழே பட்டறையில் கொடுத்தால் உருக்கி வாளி செய்துவிடுவார்கள்.

சென்ற வருடம் அந்தக் கேட்டலாக்கைப் பழைய சர்வரிலிருந்து புதிய சர்வருக்கு மாற்றும் வேலை என் தலையில் விழுந்தது. பழையது மிக்ஸி மாதிரி சத்தம் போட ஆரம்பித்து ஒரு வருடம் ஆகியிருந்தது. எங்கள் விதிப்படி படங்களுக்கு ஆயுள் ஐந்து வருடம். அதற்குப் பிறகு அந்த டேப்பில் புதியதை எழுதிக்கொள்ளலாம். எழுதியதும் பழைய பதிவு கேட்டலாக்கிலிருந்து தானாகப் போய்விடும். எழுதப்படாமல் கிடக்கும் டேப்பின் பதிவுகள் மட்டும் ‘காலாவதி’ என்ற குறிப்போடு பட்டியலில் நின்றுகொண்டிருக்கும்.

“காலாவதி ஆனதையெல்லாம் விட்டுடுங்க. புது வீட்டுக்குக் குடி போறவங்க குப்பையையும் சேத்துக் கட்டுவாங்களா?” என்றார் கிண்டியில் உட்கார்ந்திருந்த எங்கள் மேனேஜர். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து, பட்டாபிராமில் ஒரு வீடு, ஆவடியில் இரண்டு, இப்போது வெள்ளானூரில் ஒரு பிளாட் என்று மாறியவள் நான். ஒவ்வொரு முறையும் பாதி சாமானைத் தூக்கிப் போட்டுவிட்டுத்தான் வண்டி ஏறியிருக்கிறேன். போட்டதில் ஒன்றையும் பிறகு தேடியதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, காலாவதிப் பதிவுகளை நீக்கும் கட்டளையை அடித்து முடித்தேன். நிச்சயம்தானா என்று சர்வர் கேட்டது. நான் பதில் அடிப்பதற்குள் கீழேயிருந்து செக்யூரிட்டி போன் பண்ணினார்.

“மேடம், ஒரு அம்மா மூணு நாளா வந்துகினு கீறாங்க. நான் சொன்னா கேக்க மாட்டேன்றாங்க. நீங்களே ஒரு வார்த்த சொல்லிடுங்க.”

என்ன சொல்ல வேண்டும் என்று அவரிடம் கேட்டேன். “இல்லன்னு சொல்லணும்” என்றார்.

இல்லை என்று சொல்வதற்காகத்தான் கீழே இறங்கினேன். ஐம்பது வயதுக்குள் இருக்கும் அந்த அம்மாவுக்கு. கறுப்புப் புர்காவுக்கு மேல் முகத்தில் வேர்வை வழிந்தது. பூந்தமல்லியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். கணவருக்கு ஆட்டோ சீட்டுக்குக் கவர் தைக்கிற கடை. கையில் ஒரு டாக்டர் கடிதம், பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக இருந்தது.

“எங்க ஊட்டுக்காரருக்கு நுரையீரல்ல ஒரு புள்ளி கீதுன்றாங்க மேடம். ஆறு வருசம் முன்னாடி ஒரு ஸ்கேன் எடுத்தோம். அந்தப் படம் கெடச்சா, புள்ளி அப்பவே இருந்துச்சா, அதே அளவுதானான்னு பாக்கலாம்னு டாக்டர் சொல்றாரு. அப்பலேர்ந்து வளராமக் கெடந்தா பயம் இல்லியாம். படம் கெடைக்கலேன்னா நெஞ்சத் தொறந்து எடுத்துடலாம்னு அடுத்த புதன்கெழம தேதி குடுத்துட்டாங்க. அவருக்கு சுகர் மேடம். ஹார்ட்டும் வீக்கு. தொறந்தா எழுந்து வருவாரான்னு டாக்டரே உறுதியா சொல்ல மாட்டேன்றாரு.”

“உங்க கைல படம் இல்லையாம்மா?”

“மழத் தண்ணி ஊட்டுக்குள்ள பூந்துச்சே, அப்போ பீரோ கீழ்த்தட்டு மொத்தமும் ஊறிப்போச்சு. படமெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு. ஸ்கேன் சென்டர்ல கேட்டா அம்பத்தூருக்குப் போன்றாங்க. இங்க வந்தா இவரு அங்க போன்றாரு.”

ஐந்து வருடம் தாண்டினால் நாங்கள் வைத்திருப்பதில்லை என்று சொன்னேன். அந்த அம்மா அழவில்லை. “ஒரு தபா பாத்துட்டு இல்லன்னு சொல்லுங்க மேடம். பாக்காமலே எல்லாரும் இல்லன்றாங்க” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. மேலே அழைத்து வந்து உட்கார வைத்தேன். திரையில் சர்வர் இன்னும் அதே கேள்வியோடு நின்றுகொண்டிருந்தது. வேண்டாம் என்று அடித்துவிட்டு ஸ்கேன் எடுத்த தேதியைக் கேட்டேன்.

“தேதி தெரியாது மேடம். இருபத்தஞ்சாம் நோன்பு. உள்ள கூப்ட நேரமாயிடுச்சு. ஸ்கேன் ரூம் வாசல்ல வெச்சித்தான் பேரீச்சம்பழம் குடுத்து நோன்பு தொறக்க வெச்சேன்.”

நோன்பு ஒவ்வொரு வருடமும் பத்துப் பன்னிரண்டு நாள் முன்னால் நகர்ந்து வரும். போனில் பழைய காலண்டரைத் தேடி, பிறை தெரிந்த நாளிலிருந்து விரல் விட்டு எண்ணினேன். அந்தத் தேதியைக் கேட்டலாக்கில் அடித்தேன். அந்த மாதத்து டேப்புகள் ஏறக்குறைய எல்லாமே மறுபடி எழுதப்பட்டு, பதிவுகள் போய்விட்டிருந்தன. ஒரே ஒரு டேப்பின் பதிவுகள் மட்டும் காலாவதிக் குறிப்போடு மிச்சம் நின்றன. அவற்றில் கணவரின் பெயர் இருந்தது, வயது இருந்தது, மாலை ஆறே முக்கால் என்ற நேரமும் இருந்தது. எங்கள் சென்டர்களே தேதியைத் தப்பாக அடித்து அனுப்பி நான் கத்தியிருக்கிறேன். இந்த அம்மாவின் நோன்புக் கணக்கு ஒரு நாள்கூடப் பிசகவில்லை.

பதிவு இருந்தது. பீரோவில் டேப் இல்லை. மூன்று தட்டையும் இரண்டு முறை பார்த்தேன். பிறகுதான் எனக்கு அந்த ஆயுத பூஜை நினைவுக்கு வந்தது.

எங்கள் தளத்தைக் கூட்டித் துடைக்கும் அக்கா திருவேற்காட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருகிறவர். ஒருநாள், “அந்த பீரோல இன்னா மேடம் கீது, எப்பப் பாத்தாலும் பூட்டிக்கினே கீறீங்க?” என்று கேட்டார். நானும் கொஞ்சம் மிதப்பாக, “கம்பெனியோட உசுரே இதுலதான் இருக்குக்கா” என்று சொல்லிவைத்தேன். அது நடந்தது இந்த அம்மா வருவதற்கு மூன்று வருடம் முன்னால். அந்த ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டர், பிரிண்டர், ஏசி என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டு வந்த அக்கா, கம்பெனியின் உயிருக்கு வைக்காமல் விடுவாரா? நான் பூஜைக்காகத் திறந்து வைத்திருந்த பீரோவுக்குள் முந்நூறு டேப்புக்கும் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்துவிட்டார். ஒவ்வொரு டேப்பின் முகப்பிலும் பொட்டு வைக்கத் தோதாக ஒரு வெள்ளைப் பட்டை இருக்கிறதே, அதில்தான். அது பார்கோடு. டேப்பை எடுத்து மாட்டும் இயந்திரக் கை அதைப் படித்துத்தான் எது எந்த டேப் என்று தெரிந்துகொள்ளும். விடுமுறை முடிந்து வந்து பீரோவிலிருந்து எடுத்துப் போட்டபோது அதற்கு ஒரு டேப்பும் அடையாளம் தெரியவில்லை.

நானும் அக்காவும் இரண்டு நாள் உட்கார்ந்து ஈரத் துணியால் துடைத்தோம். ஒன்றில் மட்டும் சந்தனம் காய்ந்து இறுகி, துடைத்தபோது பட்டையே கையோடு வந்துவிட்டது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று என் மேஜையின் கீழ் டிராயரில் எறிந்தேன், பிறகு பார்க்கவே இல்லை. எல்லார் முன்னாலும் அக்காவைப் பார்த்துக் கத்தினேன். “படிச்சவங்க வேலை செய்யற எடம் இது. கைய வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீங்களா?” அவர் துணியைப் பிழிந்துகொண்டிருந்தார்.

டிராயரை இழுத்தேன். பழைய சார்ஜர்கள், தீர்ந்துபோன பேனாக்கள், அதற்கு அடியில் பட்டையில்லாத அந்த டேப். ஓரத்தில் இன்னும் குங்குமச் சிவப்பு இருந்தது. பட்டை இல்லாமல் இங்கே கிடந்ததால்தான் அதன் மேல் யாரும் புதியதை எழுதவில்லை என்று, அந்தப் பொட்டுக் கதையை அந்த அம்மாவிடம் சொன்னேன்.

மேனேஜரைக் கூப்பிட்டேன். “காலாவதின்னா காலாவதிதான். ஒருத்தருக்குச் செஞ்சா நாளைக்கு நூறு பேர் வந்து நிப்பாங்க” என்றார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே, டாக்டர் கடிதத்தை வரி விடாமல் போனில் படித்தேன். படித்து முடித்ததும், “லெட்டரை எனக்கு அனுப்பிட்டுச் செய்யுங்க” என்றார். அந்த மனுஷனையும் நான் தப்பாகத்தான் நினைத்திருந்தேன்.

டேப்பின் ஓரத்தில் எழுதத் தடை போடும் ஒரு சின்னத் தாழ்ப்பாள் உண்டு. அதைத் தள்ளிவிட்டு, சரியாகத் தள்ளினேனா என்று மறுபடி பார்த்து, பழைய சர்வரில் கையாலேயே மாட்டினேன். உள்ளே பதிந்திருந்த எண்ணைச் சர்வர் படித்துக் காட்டியது. கேட்டலாக்கில் இருந்த அதே எண். படம் முழுதாக வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அந்த நேரம் முழுக்க அந்த அம்மாவின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. நானும் எனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

சிடியில் போட்டுக் கொடுத்தேன். “புள்ளி கீதா மேடம்?” என்று கேட்டார். எனக்குப் படத்தைப் படிக்கத் தெரியாது என்று சொன்னேன். அதுதான் உண்மை. பதினைந்து வருடமாக எத்தனையோ பேருடைய நெஞ்சையும் வயிற்றையும் பூட்டி வைத்திருக்கிறேன், ஒன்றும் எனக்குப் புரியாது.

புதன், வியாழன் இரண்டு நாளும் எனக்கு வேலை ஓடவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் போன் வந்தது.

“அதே அளவுதானாம் மேடம்! ஆறு வருசத்துல ஒரு நூலும் வளரலியாம். கத்தியே வேணாம், வருசத்துக்கு ஒரு தபா படம் மட்டும் எடுத்துப் பாத்துக்கலாம்னுட்டாரு.” அந்த அம்மா இதையே மூன்று முறை சொன்னார். மூன்று முறையும் கேட்டேன். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

அடுத்த வாரம் கேட்டலாக்கைப் புதிய சர்வருக்கு மாற்றினேன். காலாவதியானவை உட்பட முழுதாக மாற்றினேன். மேனேஜருக்கு எழுதினேன். “குப்பை உங்க பொறுப்பு” என்று ஒரு வரியில் பதில் போட்டார். மாற்றியது சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஏதாவது ஒரு படத்தை எடுத்துப் பார்க்க வேண்டும். எதை எடுத்தேன் என்று சொல்லத் தேவையில்லை. ஒழுங்காக வந்தது.

ஒரு மாதம் கழித்து அந்த அம்மாவின் கணவர், அந்த பாய், நேரிலேயே வந்தார். லிப்ட் வேலை செய்யவில்லை. மூன்று மாடியும் நின்று நின்று ஏறி வந்து, கையிலிருந்த இனிப்புப் பெட்டியை மேஜையில் வைத்தார். எனக்கு நன்றி சொல்லிவிட்டு, “பொட்டு வெச்ச அம்மா யாரு? எங்க ஊட்ல சொன்னாங்க. அவங்களப் பாக்கணும்” என்றார்.

அக்கா துடைப்பத்தோடு வந்து நின்றார். அந்த டேப் விஷயத்தை நான் அதுவரை அவரிடம் சொல்லவே இல்லை. சொல்ல வாய் வரவில்லை என்பதுதான் நிஜம். பாய் இரண்டு கையையும் கூப்பி, “நீங்க வெச்ச பொட்டாலதாம்மா நான் இன்னிக்கி தையல் மிஷின்ல குந்திகினு கீறேன்” என்றார். அக்கா ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று வருடம் முன்னால் யார் முன்னால் திட்டினேனோ, அவர்களில் பாதிப் பேர் அங்கேயே இருந்தார்கள். அவர்கள் காதில் விழும்படி, “அன்னைக்கு நான் பேசினது தப்புக்கா. என்னை மன்னிச்சிடுங்க” என்றேன்.

“ஐய, இன்னா மேடம் நீங்க. நான் செஞ்சதும் தப்புதானே” என்று துடைப்பத்தை ஓரமாகச் சாய்த்தார். பிறகு மெதுவாக, “அதுக்கப்பறம் நான் பூஜைக்கு இந்த ரூமுக்குள்ள வர்றதே இல்ல மேடம். வாசல்லயே ஒரு பொட்டு வெச்சிட்டுப் போய்டுவேன்” என்றார்.

எனக்கு அது தெரியாது. மூன்று ஆயுத பூஜை போயிருக்கிறது. ஒவ்வொரு முறையும் நான் அந்த அறைக்குள்தான் இருந்திருக்கிறேன், தட்டில் வந்த பொரியைத் தின்றிருக்கிறேன், அவர் வாசலோடு நின்றுவிட்டதைக் கவனிக்கவே இல்லை.

இனிப்புப் பெட்டியைப் பிரித்து முதலில் அக்காவிடம் நீட்டினேன். வரும் ஆயுத பூஜைக்கு உள்ளே வந்து பீரோவுக்கு அவர் கையாலேயே பொட்டு வைக்க வேண்டும் என்று சொன்னேன்.

“வெக்கறேன் மேடம்” என்றார். “எங்க வெக்கலாம், எங்க வெக்கக் கூடாதுன்னு மட்டும் மின்னாடியே காட்டிடுங்க.”