தயிர் போடாத பிரியாணி

மகனின் தலையணை உறையில் மஞ்சளாக ஒரு கறை இருக்கும். காலையில் எழுந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பேன். ஆம்பூரில் பிறந்து ஷூ கம்பெனியில் தைக்கிற எனக்குத் தோல் வாசனையெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. அந்தக் கறையின் வாடையைத்தான் தாங்க முடியாது. ஜலதோஷம் வரும், பின்னாலேயே காது வலிக்கும், சீழ் வடியும். மருந்துக்கு நிற்கும், மறுபடி வரும். தலைக்குத் தண்ணீர் ஊற்றியதால்தான் என்றார் மாமியார். கூப்பிட்டால் திரும்புவதில்லை, கவனம் போதாது என்றார் டீச்சர். கவனம் இருக்கிறது, காதுதான் கேட்கவில்லை என்று புரிந்த அன்றே அவனைக் கூட்டிக்கொண்டு வேலூருக்குப் பஸ் ஏறினேன்.

வேலூரில் காது டாக்டர், செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டுவதாகவும், இப்படியே போனால் ஆபரேஷன் செய்து சின்னக் குழாய் வைக்க வேண்டிவரும் என்றும் சொன்னார். பையனின் முழங்கை மடிப்பில் இருந்த அரிப்பையும் கவனித்தார். "பால் ஒத்துக்கலையோ என்னவோ. சில பிள்ளைங்களுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம், உறுதியாச் சொல்ல முடியாது. கொஞ்ச நாள் நிறுத்திப் பாருங்க" என்றார். பால், டீ, தயிர் எல்லாவற்றையும் நிறுத்தினேன். கறை நிற்கவில்லை.

நான் வேலைக்குப் போனால் பிள்ளை பக்கத்து வீட்டு ஆப்பாவிடம்தான் இருப்பான். உருது பேசும் வீடு. ஆப்பா என்றால் அக்கா. வெள்ளிக்கிழமை தவறாமல் அங்கே பிரியாணி. நானும் மகா எச்சரிக்கையாக, தயிர்ப் பச்சடியை மட்டும் ஒதுக்கிவிட்டுப் பிரியாணியை வயிறாரச் சாப்பிட விட்டேன். ஒரு ரம்ஜானுக்குக் கூடமாட உதவப் போனபோதுதான் கறியின் மேல் அவர் தயிரைக் கொட்டிப் பிசைவதைப் பார்த்தேன்.

"தயிரா ஆப்பா, பிரியாணிலயா?"

"பின்ன கறி எப்டிமா மெத்துன்னு ஆவும்? இன்னா, மூஞ்சி பேஜாரா போச்சு?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "நம்ம புள்ளைக்குத் தனியா ஆக்கிட்டாப் போச்சு" என்றார். அன்றிலிருந்து பெரிய தேக்சாவுக்குப் பக்கத்தில் அவனுக்கென்று ஒரு சின்னப் பாத்திரம், தயிருக்குப் பதில் எலுமிச்சம்பழம். முட்டி வலியோடு இரண்டு அடுப்பையும் பார்த்துக்கொள்வார். வேண்டாம் என்றால் கோபம் வரும்.

மெல்ல மெல்லக் காது காய்ந்தது. ஆபரேஷன் பேச்சும் போயிற்று. தயிர்தான் காரணமா என்று டாக்டரைக் கேட்டேன். "இருக்கலாம். வளர வளரத் தானாவும் சரியாகும். கொஞ்சம் கொடுத்துப் பாத்தா தெரிஞ்சிடும்" என்றார். எனக்குத் துணிச்சல் வரவில்லை. ஆப்பாவும் விடவில்லை. "சும்மா கெடக்கிற சங்கை ஊதிக் கெடுக்காதமா" என்றார்.

இந்த வருஷம் ஆப்பா இறந்துவிட்டார். நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு அவர் வீட்டில் பிரியாணி. நான் பெண்கள் பக்கம் இருந்தேன். வளர்ந்துவிட்ட மகன் ஆண்களோடு உட்கார்ந்து, எல்லோருக்கும் ஆக்கியதையே சாப்பிட்டுவிட்டு வந்தான்.

"ஆப்பா வீட்ல போய் வேணாம்னு எப்டிமா சொல்றது?"

பல நாள் அவன் காதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் வரவில்லை. நிம்மதியாக இருக்க வேண்டியவள் அழுதேன். அவர் ஆக்கிப்போட்டதால்தான் பிள்ளைக்குக் காது கேட்கிறதா, இல்லை அத்தனை வருஷமும் அந்த மனுஷி வீணாக நின்றாரா? முதலாவது என்றால் நன்றி சொல்ல வேண்டும், மற்றது என்றால் மன்னிப்புக் கேட்க வேண்டும். எதைச் சொல்வதென்று தெரியாமலே தினமும் அவர் வாசலைத் தாண்டி வேலைக்குப் போகிறேன்.