பச்சை விளக்கு எரியும் நேரம்

சுங்கை பினாங் பஸ் ஸ்டாப்பில் அந்த அக்காவை ஒருமுறைதான் பார்த்தேன். நடப்பவர்களுக்கு சிக்னல் வைக்கும் திட்டத்துக்காக வந்திருந்தார். வெயிலில் கறுத்த முகம். சாலையை யார் கடந்தாலும் கூடவே அவர்கள் வேகத்தில் நடந்தார்.

“மேல பாலம் இருக்கே தம்பி, ஏன் யாரும் ஏற மாட்டேங்கிறாங்க?”

“முட்டி வலியோட எப்படிக்கா ஏறுறது? எங்கம்மா கீழதான் கடந்தாங்க. போன மாசம் லோரி அடிச்சு செத்துட்டாங்க.”

அவர் பாலத்தின் படிகளை நிமிர்ந்து பார்த்தார்.

“அம்மா எப்படி நடப்பாங்கன்னு நடந்து காட்டுறியா தம்பி?”

நடைபாதையில் காலை இழுத்து இழுத்து நடந்தேன். பாதியில் அழுகை வந்தது.

“நிக்காத. அந்தக் கம்பம் வரைக்கும் வா” என்றார், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே.

அப்போது கோபமாக இருந்தது. இப்போது அங்கே நடப்பவர்களுக்குப் பச்சை விளக்கு நெடுநேரம் எரிகிறது. மோட்டார்காரர்கள் முணுமுணுக்கிறார்கள். இந்த விளக்கு அப்போதே இருந்திருந்தால் அம்மா மெதுவாகவே கடந்திருப்பார். அந்த அக்கா கொஞ்சம் முன்னால் வந்திருக்கக் கூடாதா?