போத்தலுக்குள் ஒளிந்த நீலம்

என் வயிற்றெரிச்சலை இத்தனை வருடம் கழித்தும் நான் அணைக்கவில்லை. அணைக்கும் எண்ணமும் இல்லை. போனது போகட்டும், மன்னித்துவிடு என்று புத்தி சொல்கிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் வேலையை இன்னொருவன் தன் வேலை என்று மேடையேற்றினால், கீழே உட்கார்ந்து கைதட்டுவீர்களா?

அந்த ஆளை நான் 'அண்ணே' என்றுதான் கூப்பிட்டேன். கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெரு. கண்டிக்கு வெளியே மலைச்சரிவில் இருந்த ஆய்வுகூடத்தில் அவர் மூத்த ஆய்வாளர், நான் புதிதாகச் சேர்ந்த உதவியாளர். காலையில் இரண்டு பேரும் ஒரே பஸ். அங்கே தமிழ் பேசுகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பதால், அவர் தங்கச்சி என்று அழைத்ததும் நான் உருகிப்போனேன். அவருக்கு மிகவும் பிடித்த சொல் 'நம்ம'. நம்ம மேசை, நம்ம போத்தல், நம்ம வேலை. வெயிலில் நின்று கறுத்தது மட்டும் நான்.

வேலை இதுதான். துணிக்குச் சாயம் போடும் இடங்களிலிருந்து வழிந்து வரும் நிறத்தண்ணீரை வெயிலை வைத்தே சுத்தமாக்க முடியுமா என்று பார்ப்பது. வெள்ளைப் பெயின்டில் சேர்ப்பார்களே, தைத்தேனியம் ஈரொட்சைட்டுத் தூள், அதில் வெளிச்சம் பட்டால் இலத்திரன், அதாவது எலக்ட்ரான், எழும்பும். எழும்பிய இடத்தில் ஒரு வெற்றிடம் விழும். அந்த வெற்றிடம் சாயத்தை ஒட்சியேற்றிப் பிய்த்துப்போடும். எழும்பிய இலத்திரனைத் தண்ணீரில் கரைந்திருக்கும் ஒட்சிசன் வாங்கிக்கொள்ளும். சாயம் அதோடு ஒழிந்தது. தூள் தண்ணீரில் கலந்துவிட்டால் திரும்ப எடுப்பது பெரும் தொல்லை. அதனால் அதைக் கண்ணாடித் துண்டுகளில் பூசிச் சூளையில் சுடலாம் என்று யோசித்தது நான். படத்துக்குச் சட்டம் போடும் கடையில் கழிவுக் கண்ணாடி கேட்டு வாங்கியதும் நான். கையை வெட்டிக்கொண்டதும் நான்தான்.

கூரைத் தளத்தில் போத்தல்களை இரண்டு வரிசையாக வைத்தேன். எல்லாவற்றிலும் நீலச் சாயமும் பூசிய கண்ணாடித் துண்டும் இருக்கும். முதல் வரிசைக்கு மீன் தொட்டி மோட்டாரால் காற்று ஊதுவேன். அதில் நீலம் மெல்ல மெல்லத்தான் போகும். கண்டி மேகம் வந்து மறைத்தால் அன்றைய நாள் பாழ். மற்ற வரிசையில் கொஞ்சம் கிளிசரின் சேர்த்து, விளிம்புவரை நிரப்பி, காற்றே புகாமல் மூடிவிடுவேன். காற்று இல்லாவிட்டால் என்ன ஆகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கத்தான் அது. அங்கே கிளிசரின் வெற்றிடத்தை நிரப்பிவிடும். இலத்திரனை வாங்க ஒட்சிசன் இல்லாததால் அது சாயத்தின்மேலேயே போய் ஏறும். நீலம் மளமளவென்று மறையும். ஆனால் சாயம் சாகவில்லை, நிறத்தைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளேதான் இருக்கும். பள்ளிக்கூடத்தில் படித்த தாழ்த்தல், ஒட்சியேற்றத்துக்கு நேர் எதிர். காற்றுப் பட்டால் பழைய நீலம் திரும்பிவிடும். முதல் வரிசைக்கு 'கா' என்றும் மற்றதற்கு 'மூ' என்றும் எழுதி ஒட்டினேன். காற்று, மூடியது. அவ்வளவுதான்.

அந்த வருட ஆய்வுக் கூட்டத்தில் சிறந்த வேலைக்கு வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றில் ஒரு வருடம் இடம் கிடைக்கும் என்று அறிவித்தார்கள். எனக்கு அது உயிர். வீட்டில் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். இதை விட்டால் சோதனைக்குழாயை மறுபடி தொடமாட்டேன் என்று எனக்குத் தெரியும். அண்ணனிடம் ஆசையைச் சொல்லியும் இருந்தேன். நல்லது தங்கச்சி என்று தலையாட்டியவர், சத்தமில்லாமல் தன் பெயரைக் கொடுத்துவிட்டார். எனக்குத் தெரியவந்ததே ஒத்திகையில்தான்.

பேச்சு முழுக்க 'நான்'. நான் பூசினேன், நான் சுட்டேன், நான் கண்டேன். பிறகு ஒரு 'மூ' போத்தலைத் தூக்கிக் காட்டி, கண்ணாடியில் மூன்று தரம் பூசியதால்தான் இதில் இவ்வளவு வேகம் என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் உறைத்தது. 'மூ' என்றால் மூன்று பூச்சு என்று நினைத்திருக்கிறார் மகராசன். ஒருநாளாவது கூரைத் தளத்துக்கு ஏறி என்னோடு நின்றிருந்தால் தெரிந்திருக்கும். சொல்லிவிட வேண்டும் என்று வாய்வரை வந்தது. அதற்கு முன் வெளியே கூட்டிப்போய், என் பெயர் எங்கே என்று கேட்டேன்.

"நம்ம வேலதானே தங்கச்சி. யாரு பேசுனா என்ன? நீ எப்படியும் கல்யாணம் கட்டிப் போகப்போறவ."

வாய்வரை வந்ததை விழுங்கினேன். சரிங்கண்ணே என்றேன். அவர் கூட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டிய 'மூ' போத்தல்களை நானே நிரப்பிக் கொடுத்தேன். மூடியில் நன்றாகக் கிரீஸ் தடவினேன். துளிக் காற்றும் உள்ளே போய்விடக்கூடாது பாருங்கள். தங்கச்சிக்கு என்ன பாசம் என்று நினைத்திருப்பார்.

கூட்டத்தன்று மண்டபம் நிறைய ஆட்கள். ஜன்னலோரம் நல்ல வெயில். வெயிலும் அன்றைக்கு என் கட்சிதான். அவர் போத்தலை அங்கே வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தார். பேச்சு முடிவதற்குள் தண்ணீர் தெளிந்துவிட்டது. சாயம் முற்றாக ஒட்சியேறி அழிந்துவிட்டது என்று ஆங்கிலத்தில் அடித்துச் சொன்னார். கைதட்டினார்கள். கேள்வி நேரத்தில் நான் எழும்பினேன். மரியாதையாகத்தான் கேட்டேன். மூடியைத் திறந்து, கொஞ்சம் வெளியே ஊற்றிவிட்டு, மறுபடி மூடி ஒருதரம் குலுக்கிக் காட்ட முடியுமா?

அவர் சிரித்துக்கொண்டே குலுக்கினார்.

நீலம் வந்தது. முதலில் கழுத்தடியில், பிறகு போத்தல் முழுக்க. ஊரில் மற்றவர்களின் குட்டெல்லாம் சாயம் வெளுத்து வெளிப்படும். இவருடையது சாயம் ஏறி வெளிப்பட்டது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு என் காதில் தேனாக இறங்கியது, அதை மறைக்க எனக்கு அவசியமில்லை.

தலைமை தாங்கியவர் எங்கள் பகுதித் தலைவர், மடவளையைச் சேர்ந்த முஸ்லிம் பேராசிரியர். போத்தலுக்குள் வேறு என்ன சேர்த்தீர்கள் என்று கேட்டார். அண்ணன் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்படியானால் இதைத் தயாரித்தது யார் என்றார். அண்ணனுக்கு முகம் வேர்த்துக் கொட்டியது. என்னைக் கைகாட்டினார். கண்ணாடி, பூச்சு, போத்தல் எல்லாமே அவள் செய்தது, தொடக்கத்திலிருந்து முழுக்க அவளுடைய வேலை, பிழையும் அவளுடையது என்று மண்டபமே கேட்கச் சொன்னார். ஆய்வுகூடத்தில் 'நம்ம', மேடையில் 'நான்', மாட்டிக்கொண்டதும் 'அவள்'. இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் நான் ஏங்கிக் கிடந்தேன். பழி போடுவதற்காகவாவது அதை அவர் வாய் சொல்லும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

ஆமாம், என்னுடையதுதான் என்றேன். கூரைத் தளத்து வெயிலில் முன்பே தெளிந்து என் பையிலிருந்த 'கா' போத்தலை எடுத்துக்கொண்டு முன்னுக்குப் போனேன். இரண்டு எழுத்துக்கும் பொருள் சொன்னேன். மூடியைத் திறந்து காற்று விட்டு, கை வலிக்கும்வரை குலுக்கினேன். நீலம் திரும்பவில்லை, தெளிந்த தண்ணீர் தெளிந்தபடியே இருந்தது.

கூட்டம் கலைந்ததும் தலைவர் என்னைக் கூப்பிட்டார். அண்ணன் கேட்கிற தூரத்தில் தேத்தண்ணீர்க் கோப்பையோடு நின்றுகொண்டிருந்தார்.

"மகள், இது உங்களுக்கு முந்தியே தெரியும்தானே? ஏன் அவருக்குச் சொல்லல்ல?"

"என்னோட வேலன்னு அவரு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நானும் ஒரு வார்த்த சொல்லியிருப்பேன், சேர்."

திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எல்லாம் உங்கட வேலண்டு அவரே இவ்வளவு பேருக்கு முன்னுக்குச் சொல்லிட்டாரே. அப்ப வெளிநாட்டுக்குப் போறதும் நீங்கதான்."

அண்ணன் என்னைப் பார்த்தார். அவர் முகத்தைத் திருப்பும்வரை நானும் பார்த்துக்கொண்டே நின்றேன்.