நாக்கு வைக்காத சமையல்

காய்ச்சல் ஒன்று வந்து போனதிலிருந்து எனக்கு மணமும் தெரியாது, ருசியும் தெரியாது. சமைத்துப் பிழைக்கிறவளுக்கு இதைவிடக் கேடு வேறு என்ன வேண்டும்? வேலை செய்கிற இத்தாலிய வீட்டு அம்மாவிடம், சின்யோராவிடம், மூச்சு விடவில்லை. சொன்னால் என் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும். அவரோ, கறியில் உப்புக் கூடிவிட்டது என்று முகம் சுளித்த கையோடு, “பாலிச் சமையல் வகுப்பு ஒண்டு நடக்குது, ரெண்டு பேரும் போவம்” என்று என்னைக் கபோச் சந்தைக்கு இழுத்துக்கொண்டு போனார். சோதிக்கத்தான் கொண்டுபோகிறார் என்று நினைத்துக்கொண்டே பின்னால் நடந்தேன்.

மீன் கடைகளுக்குப் பின்னால் ஒரு சமையலறை. படிப்பித்தவர் பாலித் தீவிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த பெண். மஞ்சள், இஞ்சி, பூண்டு, மிளகாய் எல்லாவற்றையும் தட்டைக் கல்லில் அரைக்க வைத்தார். ஒரு இத்தாலியர் அரைத்த கூட்டை விரலால் தொட்டு வாயில் வைக்கப் போக, படிப்பித்தவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“சாமிக்கு வைக்க முதல் ஒருத்தரும் ருசி பாக்கக் கூடாது.”

எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. எங்கள் ஊர்க் கோயில் மடைப்பள்ளியிலும் இதுதான் வழக்கம். வீட்டில் அதை யார் பார்த்தது? கரண்டியும் நாக்குமாய்த்தானே நின்றேன்.

“அப்ப உப்பு எப்பிடித் தெரியும்?” என்று சின்யோரா விடவில்லை.

“கை சொல்லும்” என்றார் அவர்.

சட்டியில் கூட்டு சடசடவென்று கத்தியது. அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டு நின்றார். சத்தம் தணிந்ததும், “இப்ப இறக்குங்கோ” என்றார். எட்டிப் பார்த்தேன். கூட்டு பதமாக வதங்கி, எண்ணெய் அப்படியே ஒதுங்கி நின்றது. கடவுளே, எனக்கும் காது இரண்டு இருந்ததே, இவ்வளவு நாளும் அதை எங்கே வைத்திருந்தேன்?

பயற்றங்காயையும் துருவிய தேங்காய்ப்பூவையும் பிசைகிற வேலை எனக்கு வந்தது. உப்பைத் தூவித் தூவிப் பிசைந்தேன். காய் விறைப்பு விட்டு, ஈரம் விரலில் ஏறிய இடத்தில் நிறுத்தினேன்.

பிறகு படிப்பித்தவர் வாழையிலைத் துண்டுகளில் துளித்துளி சோறும் கறியும் வைத்து, அடுப்படியில் ஒன்று, தண்ணீர்க் குழாயடியில் ஒன்று, வாசற்படியில் ஒன்று என்று படைத்தார். முதல் பங்கு அடுப்புக்கும் தண்ணீருக்கும். வெளியே மீன்காரர்கள் கத்திக்கொண்டிருக்க, உள்ளே நான் கை கூப்பினேன்.

சாப்பிட்டோம். எனக்கு வழக்கம்போல ஒன்றும் தெரியவில்லை. சின்யோரா ஆறுதலாக மென்றுகொண்டிருந்தார். பயம் எங்கே போனதோ, சொல்லிவிட்டேன்.

“சின்யோரா, எனக்குக் கன நாளா ருசி தெரியாது.”

அவர் மெல்லுவதை நிறுத்தினார். என்னைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார்.

“அப்ப இதுக்கு உப்புப் போட்டது ஆர்?”

“நான்தான்.”

தட்டை என் பக்கம் நீட்டினார்.

“எனக்கு இன்னும் கொஞ்சம் வை.”