நிலாவுக்குப் போன ரகம்

சவூதியில், தம்மாமில் ஒரு டாக்டர் வீட்டில் பல வருஷம் கார் ஓட்டிவிட்டு ஷேக் தாவூது ஊர் திரும்பியபோது, ஏர்போர்ட் வாசலில் முதலாளி தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி அவர் மணிக்கட்டில் கட்டிவிட்டார். தினமும் சாவி கொடுத்தால்தான் ஓடும். மதுரை காஜிமார் தெருவில் கறிக்கடை போட்ட பிறகும் தாவூது அதைக் கழற்றியதில்லை. கறி வெட்டி முடித்ததும் குழாயில் கையோடு சேர்த்துக் கழுவிக்கொள்வார்.

போன மாசம், மகள் சபிஹா படிக்கும் பசுமலைக் கல்லூரியில் விண்வெளிக் கண்காட்சி. ஆளுயரப் படம் ஒன்றின் முன்னால் தாவூது நின்றுவிட்டார். விண்வெளி வீரரின் வெள்ளை உடுப்புக்கு மேலே, நீளப் பட்டையில் ஒரு கடிகாரம். அதே கறுப்பு முகம், உள்ளே அதே மூன்று குட்டி வட்டங்கள்.

"அத்தா, நிலாவுக்கு இதே ரகத்தத்தான் கட்டிட்டுப் போயிருக்காங்க!" சபிஹா அவர் கையைப் பிடித்துத் தூக்கினாள்.

"யா அல்லா... இதையா நான் ரத்தத்துலயும் கறியிலயும் போட்டு ஒழப்புனேன்?"

முதலாளி மௌத்தாகி நாளாகிவிட்டது. அவருடைய மகனுக்காவது தெரியட்டும் என்று கடிகாரத்தைப் படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்பினார். கல்லூரி வாசலைத் தாண்டுவதற்குள் மகன் கூப்பிட்டு, அரபியில் கத்தினான். இது உன்னிடம் எப்படி வந்தது?

"உங்கள் தகப்பனார் கட்டிவிட்டது, நான் ஊருக்குக் கிளம்பிய அன்றைக்கு."

மறுமுனையில் அவன் குரல் இறங்கிவிட்டது. நீ போன மறுவாரமே தகப்பனார் பக்கவாதத்தில் விழுந்தார். அதோடு பேச்சுப் போய்விட்டது. கடிகாரத்தைக் காணோம். சமையல்காரனைப் போலீசில் பிடித்துக் கொடுத்தோம்.

சமையல்காரர் என்றால் வாடிப்பட்டி காசிமாயன். தாவூதோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர். வேலை பிடிக்காமல் ஊருக்குப் போய்விட்டார் என்றுதான் தாவூது கேள்விப்பட்டிருந்தார்.

மறுநாள் கடையைத் திறக்காமல் வாடிப்பட்டிக்குப் பஸ் ஏறினார். காசிமாயன் தன் புரோட்டாக் கடையில் மாவு பிசைந்துகொண்டிருந்தார்.

"வாங்க பாய்! எம்புட்டு நாளாச்சு?"

தாவூது கடிகாரத்தைக் கழற்றி நீட்டினார். காசிமாயனின் கை மாவுக்குள்ளேயே நின்றது.

"ஒங்ககிட்டயா இருந்துச்சு?"

"அவரே கட்டிவிட்டாரு காசி. ஒன்னய உள்ள வச்சது நேத்துத்தான் தெரியும். அல்லா மேல ஆணை."

"எட்டு மாசம் பாய். ஊருக்கு வந்தா எம் பொண்டாட்டியே, எடுத்தத ஒத்துக்கிட்டா என்னன்னு கேட்டா."

தாவூது அங்கேயே தம்மாமுக்குப் போன் போட்டார். மகன் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்ததுமே காசிமாயன் நிறுத்தினார்.

"மீனா, இங்கிட்டு வா!" என்று மனைவியைக் கூப்பிட்டார். "பாய், அவன் சொல்றத இவளுக்குத் தமிழ்ல சொல்லுங்க."

தாவூது ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். மீனா தலையில் அடித்துக்கொண்டாள். "நானும்ல ஒன்னயத் திருடன்னு நெனச்சேன்!" காசிமாயன் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

கடிகாரம் வேண்டாம் என்றுவிட்டார். புரோட்டாவை இலையில் பிய்த்துப் போட்டுச் சால்னா ஊற்றி, "சாப்பிடுங்க பாய்" என்றார். தாவூதுக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை. இலையை மூடவும் மனம் வரவில்லை.